யார் வாங்கிய பிரியாணி?

சத்துவாச்சாரியில் யார் வேண்டுமானாலும் உள்ளே போகக்கூடிய இடங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, நீதிமன்ற வளாகம். வழக்கு உங்களுடையதாக இருக்க வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை. செல்போனை அணைத்துவிட்டு, பின் பெஞ்சில் சத்தம் போடாமல் உட்கார்ந்து, யார் என்ன சொல்கிறார்கள், நீதிபதி என்ன கேட்கிறார் என்று பார்த்துவிட்டு வரலாம். இன்னொன்று, கலெக்டர் ஆபீஸ். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்த பாட்டியும் மனுவோடு வரிசையில் நிற்கலாம். “அதிகாரிகளுக்கு டிபன் வாங்கிட்டு வந்தியா?” என்று பாட்டியிடம் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் அதற்கு வேறு பெயர். அதைப் பிடிப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு கதவும் திறந்திருக்கிறது. உங்களில் பல பேருக்கு அது தெரிந்திருக்காது. பிஎச்.டி. பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு. அந்தப் ‘பொது’ நீங்களும் நானும்தான்.

வேலூர் வட்டாரத்தில் ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. 2002ல் தொடங்கி இப்போது சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம், காட்பாடியில் வி.ஐ.டி., பாகாயத்திலும் ஊருக்குள்ளும் சி.எம்.சி., வாணியம்பாடி, ஆம்பூர் வரைக்கும் கல்லூரிகள். ஆராய்ச்சி மாணவரின் வழியும் ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். பதிவு செய்ய வேண்டும், கோர்ஸ் வொர்க் முடிக்க வேண்டும். அப்புறம் டாக்டோரல் கமிட்டி. மாணவர் பாஷையில் ‘டி.சி. மீட்டிங்’. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தக் குழுவின் முன்னால் நின்று, என்ன செய்தேன், இனி என்ன செய்யப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். கடைசியில் ஆய்வேட்டை வெளித் தேர்வாளர்கள் படித்து அறிக்கை அனுப்புவார்கள். அதன்பிறகு திறந்த அரங்கில் கேள்வி, பதில். 2016ல் வந்த விதியும் சரி, அதை மாற்றி 2022ல் வந்த விதியும் சரி, இந்தக் கடைசிக் கட்டத்தை மூடிய அறையில் வைக்கச் சொல்லவில்லை.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? இப்போது ஒரு ஆய்வு மாணவியைப் பார்த்து, “அடுத்த வாரம் வைவாவாமே, எப்படித் தயாராகுறேம்மா?” என்று கேட்டுப் பாருங்கள்.

அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். எக்ஸ்டர்னலை ரயில்வே ஸ்டேஷனிலிருந்து அழைத்து வர கார். ஏ.சி. ரூம். வருகிறவருக்கு சர்க்கரை இருக்கிறதா, சைவமா, அசைவமா? பொன்னாடை எத்தனை? நினைவுப் பரிசு வெள்ளியா, வெண்கலமா? அரங்கில் உட்காரும் ஐம்பது பேருக்கும் சமோசா, ஸ்வீட், டீ. மதியம் சாப்பாடு. ‘கவர்’ கொடுப்பதா, கொடுத்தால் எவ்வளவு, யார் மூலமாக என்று சீனியர்களிடம் ரகசிய ஆலோசனை. இத்தனைக்கும் நடுவில் ராத்திரி பதினோரு மணிக்கு பவர் பாயின்ட். அஞ்சாறு வருஷம் உழைத்துத் தங்க எழுத்து பைண்டிங் போட்ட ஆய்வேட்டை மறுபடி ஒருமுறை முதலிலிருந்து படித்துப் பார்க்கத்தான் நேரமில்லை.

எல்லா இடத்திலும் இப்படியா? இல்லை. ஒரு டீகூட வாங்கிக் குடிக்காமல் கேள்வி கேட்டுவிட்டு பஸ் ஏறிப் போன பேராசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பற்றி மாணவர்கள் பத்து வருஷம் கழித்தும் பேசுகிறார்கள். அவர்கள் விதிவிலக்காகத் தெரிவதுதான் நம்முடைய கஷ்டம்.

சும்மா பழி போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். 2024 அக்டோபரில் கோவை பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், பட்டம் வாங்க மேடை ஏறிய ஒரு ஆய்வு மாணவர், ஆளுநர் கையிலேயே ஒரு மனுவைக் கொடுத்தார். ஆய்வு மாணவர்களிடம் சில நெறியாளர்கள் பணம் கேட்கிறார்கள், வீட்டு வேலை வாங்குகிறார்கள் என்பது அவருடைய புகார். பட்டம் கைக்கு வந்த நாளில்தான் அவரால் அதைக் கொடுக்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள். அதற்கு முந்தின நாள் வரை வாய் திறந்தால் என்ன ஆகும் என்பது ஆராய்ச்சி செய்கிற எல்லோருக்கும் தெரியும்.

இதைப் பற்றிப் பேசினால் உடனே ஒரு பதில் வரும். “விருந்தோம்பல் நம்ம பண்பாடு சார். வீடு தேடி வந்தவரை வெறும் வயித்தோட அனுப்ப முடியுமா?”

அய்யா, சத்துவாச்சாரி கோர்ட்டுக்கே திரும்பிப் போவோம். பதினொரு மணிக்கு வாதம். ஒரு மணிக்கு, வழக்கில் ஒரு தரப்பு ஆம்பூரிலிருந்து வரவழைத்த பிரியாணியை நீதிபதி சாப்பிடுகிறார். கத்திரிக்காய் பச்சடியோடு. இரண்டரை மணிக்குத் தீர்ப்பு சொல்கிறார். பண்பாடு என்று விட்டுவிடுவீர்களா? தீர்ப்பு நியாயமாகவே இருந்தாலும் யாராவது நம்புவார்களா? வைவாவில் மட்டும் அந்தப் பிரியாணிக்கு எப்படி வேறு ருசி வந்தது? வெளித் தேர்வாளருக்குப் பயணப்படியும் மதிப்பூதியமும் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. அதற்கெல்லாம் சேர்த்துத்தான் மாணவர் கட்டணம் கட்டுகிறார்.

பின்லாந்திலும் ஆய்வு மாணவர் விருந்து கொடுக்கிற வழக்கம் உண்டு. ‘கரோங்கா’ என்று பெயர். எதிர்வாதம் செய்ய வந்த பேராசிரியர்தான் அதில் முக்கிய விருந்தாளி. ஆனால் அங்கே முதலில் சபை நடுவே அவர் மாணவரைக் குடைந்து எடுத்திருப்பார். விருந்து அதெல்லாம் முடிந்த பிறகு, சாயங்காலம். பக்கத்து நாடான ஸ்வீடனில் இன்னொரு பழக்கம். தேர்வுக்கு மூன்று வாரம் முன்னாலேயே ஆய்வேட்டைச் சுவரிலோ பலகையிலோ ஆணி அடித்து மாட்டிவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், படித்துவிட்டு வந்து கேட்கலாம். நாமும் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டுகிறோம். தலைப்பு, தேதி, நேரம், இடம். ஆய்வேடு எங்கே? துறை அலமாரியில். சாவி? அட்டெண்டர் லீவு.

நான் போய் உட்கார்ந்த ஒரு வைவாவைச் சொல்கிறேன். கல்லூரி பெயர் வேண்டாம். தலைப்பு, பாலாற்றங்கரை ஊர்களின் நிலத்தடி நீர். மாணவர் திரையில் ஒரு அட்டவணையைப் போட்டார். கிணறு கிணறாக குரோமியம் எவ்வளவு என்று எண்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி: “இந்தத் தலைப்பை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?” இரண்டாவது கேள்வி வரவில்லை. அவர் தன்னுடைய ஜப்பான் பயணத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வந்துவிட்டதாக வாசலில் ஒரு கை ஆடியது. கைதட்டல், பொன்னாடை, டாக்டர்.

எனக்குத் தெரிந்த அரைகுறை வேதியியலிலேயே நாலு கேள்வி இருந்தது. இந்த எண் மொத்த குரோமியமா, இல்லை ஆறு இணைதிறன் குரோமியமா? டேனரியில் தோலைப் பதனிடப் போடுவது மூன்று இணைதிறன் உள்ள குரோமிய உப்பு. ஆறு இணைதிறன் உள்ளதுதான் பெரிய விஷம். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் அந்த அட்டவணைக்கு என்ன அர்த்தம்? தண்ணீரை எந்த மாதம் எடுத்தீர்கள், சித்திரையிலா, மழை முடிந்த கார்த்திகையிலா? கிணற்றின் ஆழம் என்ன? டேனரியே இல்லாத ஊரில் ஒரு கிணற்றையாவது ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?

இதெல்லாம் ஏன் முக்கியம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பு வந்தது. டேனரிகளின் கழிவைப் பற்றிய அந்தத் தீர்ப்பை இந்தியா முழுக்க சட்ட மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். அதில் நம் ஊர் ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முழுவதுமாகவோ பயிரிட லாயக்கில்லாமல் போய்விட்டது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு. யாரோ வெயிலில் வரப்பு வரப்பாக நடந்து எடுத்த எண், டெல்லி வரைக்கும் போய் நின்றது. எதிர்த்தரப்பு வக்கீல்கள் இருக்கிற இடத்தில் ஒரு எண் நிற்க வேண்டுமென்றால், அதற்கு முன்னால் யாராவது அதை உலுக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. என் தொழிலால் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு தொழில் செய்பவருடையது. ஆய்வேட்டுக்கும் இதே நியாயம்தான். நான் சொல்வது சரி என்று நிரூபிக்க வேண்டியவர் ஆய்வாளர். அதைக் கேட்டு வாங்க வேண்டியவர் தேர்வாளர். தேர்வாளர் கேட்கவில்லை என்றால் அந்த எண் உலுக்கப்படாமலே ‘ஷோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் ஏறிவிடும். அடுத்த ஆய்வாளர் அதை எடுத்து மேற்கோள் காட்டுவார். இந்தப் பகுதி மாசு வழக்கில் 2025 ஜனவரி 30ல்கூட உச்ச நீதிமன்றம் இழப்பீடு, கண்காணிப்புக் குழு என்று மறுபடி உத்தரவு போட்டிருக்கிறது. இனிமேலும் எண்கள் தேவைப்படும். சமோசா சாப்பிட்டு பாஸான எண்ணை வைத்துக்கொண்டு எந்த விவசாயி கோர்ட்டுக்குப் போவார்?

நீர் மட்டுமில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஒரு ஆய்வு என்று வையுங்கள். எழுபது சதவீதம் பேருக்கு வேலையில் திருப்தி என்று முடிவு வந்தால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்தப் படிவத்தை எங்கே வைத்து நிரப்பினீர்கள்? கம்பெனிக்குள், சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றபோதா? ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுத் திண்ணையிலா?

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. டி.சி. மீட்டிங்கை ‘கையெழுத்து வாங்குற நாள்’ என்று சொல்வதை விடுங்கள். போகும்போது ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோங்கள். போன தடவை நீங்கள் சொன்னது இது, நான் செய்தது இது, செய்ய முடியாமல் போனது இது, எனக்குப் புரியாதது இது. அந்தக் கடைசி வரியை எழுதத்தான் எல்லோருக்கும் கை நடுங்குகிறது. புரியாததைச் சொல்வதற்காகத்தான் அந்தக் கமிட்டியே இருக்கிறது. முன்னேற்றம் போதவில்லை என்று குழு நினைத்தால் காரணத்தைப் பதிவு செய்து, சரிசெய்யும் வழியும் சொல்ல வேண்டும் என்பது விதி. ‘சாட்டிஸ்ஃபாக்டரி’ என்று ஒரே வார்த்தையில் முடித்தால், எதில் திருப்தி என்று பணிவாகக் கேளுங்கள். இன்னொன்று: ஆய்வேட்டைக் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வைவா முடிவு வரைக்கும் எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்று 2022 விதி சொல்கிறது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வைவாவுக்கு முன்னால் இரண்டு நண்பர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஒருவர் உங்கள் துறை, ஒருவர் சம்பந்தமே இல்லாதவர். பயப்பட வேண்டியது இரண்டாமவருக்குத்தான். “அதனால என்ன?” என்று கேட்பார். திருக்குறளில் 73வது அதிகாரத்துக்கு அவையஞ்சாமை என்றே பெயர். சபைக்குப் பயப்படுகிறவன் படித்த படிப்பு, போர்க்களத்தில் பயந்தவன் கையில் இருக்கிற வாள் மாதிரி என்கிறார் வள்ளுவர். அவர் பெயரில் நடக்கும் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர்க்காரர்கள் நாம்.

பயப்படாமல் இருக்க மாணவருக்குப் பணமும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஜே.ஆர்.எஃப். கிடைத்தவருக்கு 2023லிருந்து மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்காமல், தனியார் கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராக ஓடிக்கொண்டே படிப்பவர்கள்தான் நிறைய. டேனரிக் கூலியில் படிக்க வைத்த அப்பா, மகள் டாக்டர் ஆகப் போகிறாள் என்று வட்டிக்கு வாங்கிப் பொன்னாடைக்குக் கொடுக்கிறார். வாங்கிப் போட்டுக்கொள்கிறவருக்கு அது எந்த வட்டிக்கு வந்தது என்று தெரியாது. நிறுத்த வேண்டியது மாணவர் இல்லை, அவரால் முடியாது. துணைவேந்தர் ஒரு சுற்றறிக்கையிலும், தேர்வாளர் ‘வேண்டாம்மா’ என்ற ஒரு வார்த்தையிலும் நிறுத்தலாம்.

நீங்களும் நிறுத்தலாம். அரங்கில் வெளியாள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தாலே ஜப்பான் பயணம் பாதியாகக் குறையும். உங்கள் ஊர்க் கல்லூரி நோட்டீஸ் போர்டில் வைவா அறிவிப்பைப் பார்த்தால் நின்று படியுங்கள். தலைப்பில் பாலாறு, தோல், பீடி, கிணறு என்று உங்களுக்குத் தெரிந்த ஒரு வார்த்தை இருக்கும். முதல்வர் அறையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். பேர்ணாம்பட்டு டேனரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவரைக் கூட அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது. கேள்வி நேரத்தில் தலைவரிடம் அனுமதி வாங்கி, தண்ணீரை எந்த மாதம் எடுத்தீர்கள் என்று கேளுங்கள். உண்மையாக உழைத்த மாணவர் முகம் மலர்ந்து பதில் சொல்வதைப் பார்ப்பீர்கள். அத்தனை வருஷத்தில் அதை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

சமோசா தட்டு வந்தால் மட்டும் தள்ளி வைத்துவிடுங்கள். கேன்டீனில் உங்கள் காசில் சாப்பிட்டுக்கொள்ளலாம்.