சிபில் மதிப்பெண்ணுக்குச் சாதி தெரியாதா?

2025 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பை, வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும். ஒரு பொதுத்துறை வங்கியின் அதிகாரி பணிக்கான தேர்வில் வெற்றி பெற்று, பணி ஆணையும் பெற்ற ஒருவரின் நியமனத்தை அந்த வங்கி ரத்து செய்தது. அவருடைய கடன் தகவல் அறிக்கையில் தவணை தவறிய பதிவுகள் இருந்தன என்பதே காரணம். கடன்கள் அனைத்தையும் அடைத்துவிட்டதாக அவர் வாதிட்டார். பொதுமக்களின் பணத்தைக் கையாள்பவருக்கு நிதி ஒழுக்கம் இன்றியமையாதது என்று கூறி, வங்கியின் முடிவை நீதிமன்றம் உறுதி செய்தது.

அந்த மனுதாரர் எந்தச் சாதியினர் என்பது இங்கே பொருட்டல்ல. கடன் வாங்குவதற்கான தகுதியை அளக்க உருவான ஒரு பதிவேடு, இப்போது வேலைக்கான தகுதியையும் அளக்கத் தொடங்கிவிட்டது என்பதே பொருட்டு. அந்தப் பதிவேட்டில் யாருடைய வாழ்க்கை எப்படிப் பதிவாகிறது என்ற கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது.

எண்ணுக்கு முன்னால் இருப்பது

கடன் மதிப்பெண் 300 முதல் 900 வரையிலான ஓர் எண். இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள் இதைக் கணக்கிடுகின்றன. தவணைகளை உரிய நாளில் கட்டினோமா, கார்டு வரம்பில் எவ்வளவு பயன்படுத்துகிறோம், எத்தனை ஆண்டுகளாகக் கடன் கணக்கு வைத்திருக்கிறோம், அடமானக் கடனும் அடமானமற்ற கடனும் எந்த அளவில் கலந்துள்ளன, அண்மையில் எத்தனை இடங்களில் கடன் கேட்டோம் என்பவையே இதன் மூலப்பொருள்கள். சாதி என்றொரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

இதில் ஒரு நன்மை உண்டு என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டு, முகத்தையும் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்துக் கடனை மறுத்த மேலாளரைவிட, முகம் பார்க்காத ஓர் எண் மேலானதுதான். மாதச் சம்பளம் பெறும் தலித் இளைஞர் ஒருவர் வங்கிப் படியேறாமலே இன்று கடன் அட்டை பெற முடிகிறதென்றால், அதற்கு இந்த எண்ணும் ஒரு காரணம்.

ஆனால், எண் பிறப்பதற்கு முன்பே முதல் கடன் பிறக்க வேண்டும். அந்த முதல் கடன் யாருக்குக் கிடைக்கும்? நிலப் பத்திரம் உள்ளவருக்கு, சம்பளச் சீட்டு உள்ளவருக்கு, பிணைக் கையெழுத்திட வசதியான உறவினர் உள்ளவருக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடி நிலப்பரப்பில் அவர்களிடம் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் கைமாறிப்போன கதையை நாம் அறிவோம். பறிபோனது சோற்றுக்கான நிலம் மட்டுமன்று; மூன்று தலைமுறைகள் வங்கியில் காட்டியிருக்கக்கூடிய ஈடும் அதனுடன் போயிற்று.

ஈடு உள்ளவருக்குக் குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடன் கிடைக்கிறது. தவணை தவறும் வாய்ப்பும் குறைகிறது. ஈடு இல்லாதவருக்கு நுண்கடன், செயலிக் கடன், கிரெடிட் கார்டு ஆகியவையே வழி. அவற்றில் வட்டி கூடுதல், தவணை நெருக்கம். ஒரு மாதம் மருத்துவச் செலவு வந்தாலே தவணை தவறிவிடும். பிறகு அந்தத் தவறுதலை மட்டும் எண் பதிவு செய்கிறது. தவறியதற்கான காரணத்தைப் பதிவு செய்வதில்லை.

ஐம்பதாயிரத்தின் கணக்கு

பெரும்பாலான கார்டுகளில் நிலுவைக்கு மாதம் ஏறத்தாழ 3.5 விழுக்காடு வட்டி. கேட்கும்போது சிறிதாகத் தெரியும். ஆண்டுக்கு 42 விழுக்காடு. வட்டியின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் உண்டு. 50,000 ரூபாய் நிலுவை என்றால் முதல் மாத வட்டி 1,750, வரி 315, மொத்தம் 2,065 ரூபாய். குறைந்தபட்சத் தொகை என்று ரசீதில் அச்சிட்டிருக்கும் 5 விழுக்காட்டை, அதாவது 2,500 ரூபாயைக் கட்டினால் அசலில் குறைவது 435 ரூபாய் மட்டுமே. புதிதாக ஒரு பொருளும் வாங்காமல் மாதம் 2,500 கட்டிக்கொண்டே வந்தாலும் கடன் தீர ஏறத்தாழ 43 மாதங்கள் ஆகும். கட்டிய தொகை ஏறத்தாழ 1,08,000 ரூபாய் ஆகியிருக்கும். முழு நிலுவையையும் அடைக்காதவரை புதிய செலவுகளுக்கு வட்டியில்லாக் காலமும் கிடைக்காது.

தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தடை செய்யும் சட்டத்தைத் தமிழ்நாடு 2003இல் இயற்றியது. வங்கிகளின் கதை வேறு. வங்கி வாங்கும் வட்டி மிகையானது என்ற காரணத்துக்காக நீதிமன்றங்கள் அக்கணக்கை மீண்டும் திறக்கக் கூடாது என்கிறது 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு. கார்டு நிலுவைக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் அளித்த தீர்ப்பையும் உச்சநீதிமன்றம் 2024 டிசம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. வட்டிக்கு உச்சவரம்பு இல்லாத நிலையில், கார்டைத் தேர்ந்தெடுக்கும்போதே காட்டும் விழிப்புதான் முதல் தற்காப்பு.

நிலுவை மாற்றம்: யாருக்கான வாசல்?

இந்தச் சுழலிலிருந்து வெளியேற ஒரு வழி உண்டு. பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் எனப்படும் நிலுவை மாற்றம் அது. ஒரு கார்டின் நிலுவையை வேறொரு வங்கியின் கார்டுக்குக் குறைந்த வட்டியில் மாற்றித் தவணைகளாகக் கட்டலாம். மேற்சொன்ன 50,000 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். மாதம் 1.5 விழுக்காடு வட்டி, 12 தவணைகள், 2 விழுக்காடு செயலாக்கக் கட்டணம் என்று வைத்துக்கொண்டால், வட்டி, கட்டணம், வரி எல்லாம் சேர்த்துக் கூடுதல் செலவு ஏறத்தாழ 7,100 ரூபாய். அதே கடனைப் பழைய கார்டிலேயே 12 மாதங்களில் அடைத்தால் கூடுதல் செலவு ஏறத்தாழ 14,400 ரூபாய். பாதிக்குப் பாதி மிச்சம்.

இந்தச் சலுகையை வங்கிகள் யாருக்கு அழைத்துக் கொடுக்கின்றன? ஏற்கெனவே நல்ல மதிப்பெண்ணும், போதிய வரம்புள்ள இன்னொரு கார்டும் வைத்திருப்பவருக்கு. மூன்று மாதம் தவணை தவறி, இந்த மாற்றம் உயிர்நாடியாகத் தேவைப்படுபவருக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. அவரிடம் வசூல் முகவர் வருவார். ஒரு தொகையைக் கட்டிக் கணக்கை முடித்துக்கொள்ளச் சொல்வார்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த இளைஞர் ஒருவர் அப்படித்தான் முடித்துக்கொண்டார். நிலுவையில் பாதியைக் கட்டினார், மீதி தள்ளுபடி என்றார்கள், நிம்மதியாக இருந்தார். ஈராண்டுகள் கழித்துத் தாட்கோ மானியத்துடன் வாகனம் வாங்க விண்ணப்பித்தார். மாவட்டத் தேர்வுக் குழு ஒப்புதல் தந்தது. கடன் தர வேண்டிய வங்கி அவருடைய அறிக்கையைத் திறந்தது. அந்தக் கார்டுக் கணக்கு 'அடைக்கப்பட்டது' என்றில்லாமல் 'செட்டில்டு' என்றிருந்தது. விண்ணப்பம் வாய்மொழியாகவே மறுக்கப்பட்டது. மானியம் அரசிடம் இருந்தது; சாவி அந்த ஒரு சொல்லில் இருந்தது. நம் மக்களுக்கென வகுக்கப்பட்ட திட்டங்கள் வங்கிக் கடனோடு பிணைக்கப்பட்டிருப்பதால், மதிப்பெண் சமூக நீதித் திட்டங்களின் வாயிற்காவலனாகவும் ஆகிவிடுகிறது.

மூன்று நிலை, மூன்று வழி

கடன் வரலாறே இல்லாதவர்கள், குறிப்பாக மாணவர்களும் புதிதாக வேலையில் சேர்ந்தவர்களும், ஒரே வாரத்தில் நான்கு வங்கிகளில் விண்ணப்பிக்கக் கூடாது. ஒவ்வொரு விண்ணப்பமும் விசாரணையாகப் பதிவாகி மதிப்பெண்ணைக் குறைக்கும். சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் ஆண்டுக் கட்டணமற்ற எளிய கார்டைக் கேட்கலாம். மறுத்தால், சிறிய நிரந்தர வைப்பை ஈடாக வைத்து வழங்கப்படும் கார்டைப் பெறலாம். வரம்பில் மூன்றிலொரு பங்குக்குள் செலவு செய்து, முழுத் தொகையையும் உரிய நாளில் கட்டி வந்தால் வரலாறு உருவாகும். வெகுமதிப் புள்ளிகளையும் விமான நிலைய ஓய்வறைகளையும் காட்டிக் கட்டணக் கார்டு விற்பவரை நம்ப வேண்டியதில்லை.

வரலாறு சிதைந்தவர்கள் முதலில் நான்கு நிறுவனங்களின் அறிக்கைகளையும் பெற வேண்டும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. 'செட்டில்டு' என்றிருக்கும் கணக்குகளில் மீதித் தொகையைக் கட்டி, நிலுவையின்மைச் சான்று பெற்று, பதிவை மாற்றக் கோர வேண்டும். கையில் பணமில்லை என்றால், புதிய கார்டு தேடுவதைவிட அதே வங்கியில் நிலுவையைக் குறைந்த வட்டித் தவணைகளாக மாற்றித்தரக் கேட்பது மேல். கேட்பது எழுத்தில் இருக்கட்டும். மதிப்பெண்ணை ஒரே மாதத்தில் ஏற்றித்தருகிறோம் என்று பணம் கேட்கும் முகவர்களிடம் சிக்க வேண்டாம். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது.

நல்ல வரலாறு உள்ளவர்கள் நிலுவை மாற்றத்தைப் பயன்படுத்தலாம். சலுகை வட்டி எத்தனை மாதங்களுக்கு, அதன் பிறகு எவ்வளவு, செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை பெற்ற பின்பே கையெழுத்திட வேண்டும். பழைய கார்டு காலியாகிவிட்டது என்று அதில் மீண்டும் செலவு செய்தால், ஒரு கடன் இரண்டாகும்.

சட்டம் தரும் பிடிமானங்கள்

2005ஆம் ஆண்டு கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, நம் அறிக்கையைப் பெறவும் பிழைகளைத் திருத்தக் கோரவும் உரிமை தருகிறது. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கொரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். புகார் அளித்த 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால், அதன் பிறகான ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் வகுத்த விதி, 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்கீழ் இந்த நிறுவனங்களும் கொண்டுவரப்பட்டுள்ளன. அங்கே முறையிடக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

கார்டு தொடர்பான 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, விண்ணப்பத்தை நிராகரித்தால் அதற்கான குறிப்பான காரணத்தை வங்கி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவணை தவறியவர் என்று பதிவு செய்வதற்கு முன் 7 நாள் அறிவிப்பு தர வேண்டும். நிலுவை இல்லாத கார்டை மூடக் கோரினால் 7 வேலை நாட்களில் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தர வேண்டும். வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்றும் 2025 ஜனவரி வழிகாட்டுதல் கூறுகிறது. கல்விக் கடன் கேட்கும் மாணவரை மதிப்பெண் குறைவைக் காட்டி மறுக்கக் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2023இல் கூறியதும் நமக்கு உதவும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு விதி, நம் மக்களில் பெரும்பாலோருக்குத் தெரியாமலே கிடக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கடன் விண்ணப்பத்தைக் கிளை மேலாளர் தாமே நிராகரிக்கக் கூடாது; அதற்கு மேல்நிலையில் உள்ள அதிகாரிதான் நிராகரிக்க வேண்டும்; காரணத்தையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை. கடன் வழங்குவதில் பாலினம், சாதி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2003ஆம் ஆண்டின் நியாய நடைமுறை நெறிமுறையும் சொல்கிறது. மேற்கண்ட இளைஞருக்காக நாங்கள் முதலில் செய்தது வழக்குத் தொடுப்பதன்று. மறுப்பை எழுத்தில், மேலதிகாரியின் கையெழுத்துடன் தாருங்கள் என்று ஒரு கடிதம் எழுதினோம். வாய்மொழியாக மூடப்பட்ட கோப்பு அந்தக் கடிதத்துக்குப் பிறகு மீண்டும் திறக்கப்பட்டது. கடன் இன்னும் வரவில்லை. ஆனால், மறுப்பதற்கு இப்போது காரணம் தேவைப்படுகிறது.

நாம் கேட்க வேண்டியது

மதிப்பெண்ணே வேண்டாம் என்பது நம் கோரிக்கையாக இருக்க முடியாது. அது போனால், தெருப் பெயர் கேட்கும் மேலாளர் திரும்பி வருவார். நாம் கேட்க வேண்டியவை மூன்று. பெறப்படும் கடன் விண்ணப்பங்கள், நிராகரிப்புகள், வசூலிக்கப்படும் வட்டி விகிதங்கள் ஆகியவற்றைச் சமூகப் பிரிவுவாரியாக வங்கிகள் வெளியிட வேண்டும். அமெரிக்காவில் 1974இல் இயற்றப்பட்ட சம கடன் வாய்ப்புச் சட்டத்தைப் போல, கடனில் பாகுபாட்டைத் தண்டிக்கும் தனிச் சட்டம் இங்கும் வேண்டும். நெறிமுறையில் ஒரு வரியாக அது உறங்கிக்கொண்டிருப்பது போதாது. மூன்றாவதாக, கடனை முழுதாக அடைத்த ஒருவரின் பழைய தவறுதலைக் காட்டி, அரசின் மானியத் திட்டத்தையோ பொதுத்துறை வேலையையோ மறுக்கும் நடைமுறைக்கு முடிவு கட்ட வேண்டும்.

அதுவரை நம் அமைப்புகள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. சாதிச் சான்றிதழுக்கும் கல்வி உதவித்தொகைக்கும் முகாம் நடத்துகிறோம். அந்த மேசையின் ஓரத்தில் இன்னொரு நாற்காலி போடுவோம். வருபவர்களின் கடன் அறிக்கையை எடுத்துத் தருவோம். பிழை இருந்தால் அங்கேயே புகாரைப் பதிவு செய்து, நாளைக் குறித்துக்கொள்வோம். 31ஆம் நாளிலிருந்து நூறு ரூபாய்க் கணக்கு தொடங்கட்டும்.