பூச்சாடிக்கு ஒரு காவற்காரன்

விடுமுறையை வாளா கழிக்கும் மாணவ நேயர்களுக்கு இவ்வாரம் ஒரு வேலை தருகின்றோம். 2005ஆம் ஆண்டில், இத்தாலியின் இவ்ரேயா நகரிலே, இலத்திரனியல் கல்லாத வடிவமைப்பு மாணாக்கருக்கென உருவாக்கப்பட்டது ஆர்டுயினோ என்னும் சிறு பலகை. அதன் ‘யூனோ’ வகையோடு ஈரமறியும் உணரியொன்றை இணைத்துப் பூச்சாடியில் நட்டுவிட்டால், மண்ணின் ஈரத்தை 0 முதல் 1023 வரையான எண்ணாக அது உரைக்கும்.

ஆயின், மலிவாகக் கிடைக்கும் இருகால் உணரியிலே ஒரு கேடுண்டு. விற்பவர் இதனைச் சொல்லார். இடையறாது மின்னோட்டம் பாயுமாயின், ஈரமண்ணில் மின்பகுப்பு நிகழ்ந்து, நேர்முனைக் காலின் உலோகம் சிறிது சிறிதாகக் கரைந்து மண்ணோடு சேரும். கால் தேயத் தேய எண்ணும் பொய்யாகும். நனைந்த மண்ணையும் வறண்டதென்று சொல்லும். அதனை நம்பி மேலும் மேலும் நீர் வார்த்தால் வேர் அழுகும். காவற்காரனே கூற்றுவனாவான்!

பரிகாரம் எளிது. உணரிக்குரிய மின்னை 5 வோல்ற்று முனையிலிருந்து எடாது, பலகையின் இலக்கமுறை முனையொன்றிலிருந்து எடுத்து, மணிக்கொருமுறை அளக்கும் கணத்தில் மட்டும் பாய்ச்சுங்கள். சற்றே கூடிய விலை கொடுக்க இயலுமெனின் கொள்ளளவ உணரியே நன்று. அதில் உலோகம் மண்ணைத் தொடுவதில்லை. எதனை வாங்கினும், முதலிற் காய்ந்த மண்ணிலும் பின் நனைந்த மண்ணிலும் அளந்து, இரண்டு எண்களையும் கொப்பியிற் குறித்துக்கொள்ளுங்கள். சாடியின் மண்ணை மாற்றினால் மறுபடியும் அளத்தல் வேண்டும்.