தூது போன பிள்ளையின் பதில்

‘பிள்ளைகளுக்காகப் பொறுத்துப்போங்கள்’ என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தில் பாதியிலேயே மூடிவிட்டேன். இரண்டாம் முறை, அதில் யார் யாரெல்லாம் பேசுகிறார்கள் என்று பார்ப்பதற்காகப் படித்தேன். கட்டுரையாளரின் பாட்டி பேசுகிறார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பேசுகிறார். ஒரு கல்யாணத் தரகர்கூட விவாகரத்துக்கு எதிராக வருந்திப் பேசுகிறார். இரண்டாம் கல்யாணத்துக்கும் கமிஷன் உண்டு என்பதை அவர் எப்படி மறந்தாரோ!

சண்டை போட்டாலும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் அப்பா அம்மாதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்பது கட்டுரையின் சாரம். அந்தக் கூரையின் கீழ் வளர்ந்தவள் நான்.

நான் ஆறாவது படிக்கும்போது என் அப்பாவும் அம்மாவும் பேசுவதை நிறுத்தினார்கள். நான் காலேஜ் முடிக்கும்வரை பேசவில்லை. “கேஸ் தீந்துடுச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு.” “ராத்திரி எனக்குச் சோறு வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு.” ஈஸிசேருக்கும் அடுப்படிக்கும் நடுவில் பத்தடி இருந்தால் அதிகம். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழும். இருந்தாலும் நான் போய்ச் சொன்னால்தான் அது சொன்னதாகக் கணக்கு. கடுமையான வார்த்தைகளை வழியிலேயே வெட்டிவிடுவேன். எழுத்தைத் திருத்தும் தொழிலுக்கு நான் வந்தது பிற்பாடு, பயிற்சி பதினொரு வயதிலேயே ஆயிற்று. கல்யாண வீடுகளில் இருவரும் ஒட்டி நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். “பிள்ளைக்காகச் சேர்ந்திருக்காங்க பாரு” என்று உறவுக்காரர்கள் மெச்சுவார்கள். கடைசியில் பில் என் பேருக்குத்தான் வந்தது: “உனக்காகத்தான்டி இந்த மனுஷன்கூட இருந்தேன்.” நான் கேட்காத கடன் அது. இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறேன். கட்டுரையாளர் சொல்லும் பாதுகாப்பு இதுதான்.

விவாகரத்து நம் மண்ணில் இல்லாத மேல்நாட்டுச் சரக்கு என்றும் எழுதியிருக்கிறார். ‘அறுத்துக்கட்டுதல்’ என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதே இல்லையா? பஞ்சாயத்தார் முன்னால் துரும்பு கொடுத்துத் தாலி உறவை முடித்துக்கொண்ட வழக்கம் மதுரைப் பக்கத்துக் கள்ளர்களிடம் இருந்தது. வேறு பல சாதிகளிலும் தீர்த்துக்கொண்டு மறுதாலி கட்டிக்கொள்ள வழி இருந்தது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமே தன் 29ஆவது பிரிவில் வழக்காற்று மணமுறிவைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. தன் வீட்டு வழக்கத்தைத் தமிழ்ப் பண்பாடு முழுவதற்கும் பட்டா போடுகிறார்.

‘நீதிமன்றங்கள் ஆறே மாதத்தில் குடும்பத்தை உடைத்துவிடுகின்றன’ என்ற வரிக்கு வருவோம். பரஸ்பர சம்மதத்தில் மனு போடுவதற்கே ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பின் மேலும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது உண்மைதான். ஆனால், ஜீவனாம்சமும் குழந்தை யாரிடம் வளர்வது என்பதும் முன்பே பேசித் தீர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சொன்னது. கட்டுரையாளர் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறார். அல்லது முழுவதும் படித்துவிட்டுப் பாதியை மறைத்திருக்கிறார். எது மேல் என்று அவரே சொல்லட்டும்.

பிரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வலிக்காது என்று நான் சொல்லவில்லை. அப்பா வாங்கித் தந்த சட்டையைப் போடவிடாத அம்மாக்கள் உண்டு. குழந்தையைப் பார்க்கும் நாளில் அதன் வாயைக் கிளறி, அம்மா யாரோடு போனில் பேசுகிறாள் என்று விசாரிக்கும் அப்பாக்கள் உண்டு. பெற்றோரில் ஒருவர் மற்றவர்மேல் பிள்ளைக்கு வெறுப்பை ஊட்டுவதன் கேட்டை உச்ச நீதிமன்றமே பேசியிருக்கிறது. அதுவும் தூதுதான், அதுவும் உளவுதான். நான் பத்தடிக்குள் நடந்தேன், அந்தப் பிள்ளைகள் இரண்டு வீடுகளுக்கு நடுவில் நடக்கிறார்கள். நோய் ஒன்றே. அதற்குக் கல்யாணப் பத்திரிகையையும் கோர்ட் தீர்ப்பையும் வித்தியாசம் பார்க்கத் தெரியாது.

‘தகப்பன் இல்லாப் பிள்ளை’ என்ற ஒப்பாரியையும் அவர் நிறுத்தலாம். தீர்ப்போடு முடிவது புருஷன் பொண்டாட்டி உறவு. தகப்பன் தகப்பனாகவே இருக்கிறான், பிள்ளையைப் பார்க்கும் உரிமையோடும் செலவுக்குக் கொடுக்கும் கடமையோடும். இருவரும் பொறுப்பைப் பகிர்ந்து வளர்க்க வழிசெய்யுங்கள் என்று சட்ட ஆணையம் 2015இல் தன் 257ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. கட்டுரையாளருக்குப் பிள்ளைமேல் அக்கறை இருந்திருந்தால் அந்தப் பரிந்துரையைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியிருப்பார். அதற்குப் பதிலாக, அடி வாங்கும் பெண்ணுக்கு ‘அனுசரணை’ பற்றி இரண்டு பக்கம் உபதேசம் செய்திருக்கிறார்.

காப்பாளர் சட்டம் 1890இல் வெள்ளைக்காரன் போட்டது. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம் என்று அதில்கூட இருக்கிறது. பாட்டி, தலைமையாசிரியர், தரகர் என்று ஊரையே கூட்டிவைத்து, பிள்ளைகள் பெயரால் நீங்கள் எழுதிய ஐந்து பக்கத்தில், ஐயா, ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை.