மூலம் என்னும் பொய்



சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவன் ஒருவன் நான்கு நாள்கள் பள்ளிக்கு வரவில்லை. அவனுடைய தாத்தா இறந்துவிட்டார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய மனிதர். மலத்தோடு இரத்தம் போனதை ‘மூலம்தான்’ என்று சொல்லி, சூரணம் வாங்கித் தின்று, ஈராண்டுகளைக் கடத்தினார். மருத்துவமனைக்குப் போனபோது பெருங்குடல் புற்றுநோய் கல்லீரல்வரை பரவியிருந்தது. துக்க வீட்டில் எல்லாரும் ‘விதி’ என்றனர். அதை மறுக்கவே இதை எழுதுகிறேன். அது விதியன்று, நம் வெட்கமும் அலட்சியமுமே!

தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கைப்படி, மலேசிய ஆண்களிடையே பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயே முதலிடத்தில் உள்ளது, பெண்களிடையே இரண்டாமிடம். கண்டறியப்பட்டவர்களுள் பத்தில் ஏழு பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தை எட்டியிருந்தனர். இத்தனைக்கும் இந்நோய் மெதுவாக வளர்வது. பெரும்பாலும் குடலின் உட்சுவரில் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்கும். அது புற்றாக மாறப் பத்தாண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் அகற்றிவிட்டால் அவ்விடத்தில் புற்றுநோய் தோன்றுவதையே தடுக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவையும் காட்டும் மலப் பரிசோதனையைச் சுகாதார அமைச்சு 2014 முதல் அரசாங்கக் கிளினிக்குகளில் நடத்திவருகிறது. அறிகுறி ஏதுமில்லாத 50 முதல் 75 வயது வரையிலானவர்களுக்கு உரியது இது. சிறிதளவு மலம் போதும். இரத்தம் இருப்பதாகத் தெரிந்தால், மருத்துவமனையில் குழாய்க் கருவியால் குடலைப் பார்ப்பார்கள்.

‘மலத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதா?’ என்று முகம் சுளிக்கிறோம். பேரப்பிள்ளையின் மலத்தைக் கழுவிய கைகளுக்கு இதில் என்ன கூச்சம்? ‘எனக்குத்தான் ஒன்றுமில்லையே’ என்கிறோம். ஒன்றுமில்லாதபோது பார்ப்பதற்குத்தானே பரிசோதனை! ‘ஒருநாள் சம்பளம் போய்விடும்’ என்பதை மட்டும் நான் எள்ளி நகையாட மாட்டேன். பகாவிலும் ரந்தாவிலும் லிங்கியிலும் தோட்டத்தில் வாழ்வோருக்கு அரசாங்கக் கிளினிக்கின் 1 ரிங்கிட் கட்டணம் சுமையன்று. போகவர ஆகும் ஒருநாள்தான் சுமை.

ஆகவே அரசாங்கத்தையும் கேட்கிறேன்: கிளினிக்கிற்கு வருபவருக்கே பரிசோதனை என்றால், வராதவர் கதி என்ன? வெற்றிலை பாக்குப் போடும் நம் மக்களின் வாயைப் பரிசோதிக்க, 1997இல் தொடங்கிய வாய்ப்புற்றுநோய்த் திட்டத்தின்கீழ்ப் பல் மருத்துவக் குழுவினர் தோட்டங்களுக்கே வந்தனர். வாய்க்கு வந்தவர்கள் குடலுக்கு ஏன் வரக்கூடாது? பெரட்டுக்களத்தில் ஒரு மேசை போட இடமில்லையா?

நாமும் சும்மா இருக்கலாகாது. தேர்ச்சி அறிக்கை வாங்கத் தாத்தா பாட்டிமார் பள்ளிக்கு வருகின்றனர். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அன்றே சுகாதாரக் கிளினிக்கை அழைக்கட்டும். பிள்ளையின் தேர்ச்சிக்குத் தனி வகுப்பு தேடும் நாம், அவனைத் தூக்கி வளர்த்தவரின் உயிருக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்கக்கூடாதா?

ஒன்றை மறவாதீர்கள். மலத்தில் இரத்தம், மலங்கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாற்றம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை இருந்தால், இப்பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைக் காணுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால், 50 வயதுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.

மூலமா இல்லையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். நாமே சொல்லிக்கொள்ள வேண்டாம்.