கவசம் அணிவது கோழைத்தனமா?



அஞ்சாமையை வீரத்தின் அணிகலன் என்று போற்றுகிறோம். பிள்ளை கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், "ஆண்பிள்ளை அழலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மருந்திடுகிறோம். அந்தக் கேள்வி அவன் வளர்ந்த பின்னும் அவனை விடுவதில்லை. அடிபடுவதே ஆண்மை என்றும், அடியைத் தவிர்ப்பது நாணத்தக்கது என்றும் எண்ணும் மனநிலை உலகெங்கும் உண்டு. அம்மனநிலைக்கு எதிரே தனியொருவராய் நின்ற ஒரு மனிதரைப் பற்றி இத்திங்கள் எழுத விழைகிறோம். அவர் அறிஞரும் அல்லர், தலைவரும் அல்லர். கனடா நாட்டில் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டு, கோல் வாயிலைக் காத்து நின்றவர். ஜாக் பிளான்ட் என்பது அவர் பெயர்.

நம் வாசகருட் பலர் ஐஸ் ஹாக்கியைக் கண்டிரார். ஆதலின் முதற்கண் அதனைச் சிறிது விளக்குவோம். ஏறத்தாழ 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள பனிக்கட்டித் தளம். அணிக்கு அறுவர். காலணியின் அடியில் பொருத்திய எஃகுத் தகட்டின்மேல் வழுக்கிக்கொண்டு, கையில் வளைந்த மட்டையுடன் காற்றாய் விரைவர். பந்துக்குப் பதிலாகக் கெட்டி ரப்பராலான ஒரு வட்டு. அதன் குறுக்களவு 3 அங்குலம். கனம் 1 அங்குலம். எடை 6 அவுன்சுக்கு மிகாது. துள்ளாமல் வழுக்கிச் செல்லும்பொருட்டு, ஆட்டத்திற்கு முன்னரே அதனை உறைய வைத்துவிடுவர். கல்லென இறுகிய அவ்வட்டு, வலிய வீரரின் மட்டையிலிருந்து மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்ந்து வரக்கூடும். 6 அடி அகலமும் 4 அடி உயரமும் கொண்ட கோல் வாயிலில் ஒருவர் நின்று, அதனைத் தம் உடலாலேயே தடுக்க வேண்டும். அவரே கோல் காப்பாளர்.

காலுக்குத் தடித்த திண்டு, மார்புக்குத் திண்டு, கைகளுக்கு உறை. இவை யாவும் அவருக்கு உண்டு. முகத்திற்கு மட்டும் ஒன்றுமில்லை! இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் இதுவே வழக்கம். 1927இல் கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழக மாணவி எலிசபெத் கிரஹாம், வாள்வீச்சுக்குரிய கம்பி முகமூடியை அணிந்து கோல் காத்தார். 1930இல் கிளின்ட் பெனடிக்ட் என்ற தொழில்முறை வீரர், முகத்தில் காயமுற்றபின் தோலாலான முகமூடியொன்றைச் சில ஆட்டங்களில் அணிந்து பார்த்து, பின்னர் கைவிட்டார். அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவர் ஆடிய லீக்கில் எவரும் அம்முயற்சியைத் தொடரவில்லை. முகமூடி அணிந்தால் அஞ்சுகிறான் என்று உலகம் சொல்லும். அந்தச் சொல்லுக்கு அஞ்சி, வட்டுக்கு முகத்தைக் கொடுத்தார்கள்.

அக்காலத்தில் இன்னொரு கொடுமையும் இருந்தது. ஓர் அணிக்கு ஒரே ஒரு கோல் காப்பாளர்தாம். மாற்று ஆள் அணியுடன் இருப்பதில்லை. காப்பாளருக்கு முகம் கிழிந்தால் ஆட்டத்தை நிறுத்துவார்கள், மருத்துவர் தையலிடுவார், அவரே மீண்டும் வந்து நிற்பார். டெரி சாச்சக் என்ற பெருவீரரின் முகம் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 400 தையல்களைக் கண்டது. கிளென் ஹால் என்பவர் 1955 முதல் 1962 வரை ஓர் ஆட்டமும் தவறாது தொடர்ந்து 502 ஆட்டங்களில் கோல் காத்தார். அச்சாதனையை இன்றளவும் எவரும் நெருங்கியதில்லை. அம்மனிதர் ஒவ்வோர் ஆட்டத்திற்கு முன்பும் வாந்தியெடுப்பது வழக்கம் என்பதை அறியும்போது, அந்த 502 என்ற எண்ணுக்குள் எத்தனை வேதனை அடங்கியிருக்கிறது என்பது விளங்கும்.

இத்தகைய தொழிலுக்கே ஜாக் பிளான்ட் வந்தார். 1929 ஜனவரி 17ஆம் நாள், கியூபெக் மாநிலச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். கார்மேல் மலை மாதாவின் பெயரையே அவ்வூர் தன் பெயராகக் கொண்டது என்பது நம் வாசகருக்கு இனிக்கும். பிரெஞ்சு மொழி பேசும் குடும்பம். பதினொரு குழந்தைகளுள் இவரே மூத்தவர். தந்தை ஆலைத் தொழிலாளி. மூத்த பிள்ளைக்கு வீட்டுவேலை மிகுதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தாயார் அவருக்குக் கம்பளி நூலால் பின்னக் கற்றுக் கொடுத்தார். தாம் அணியும் குல்லாய்களைத் தாமே பின்னிக்கொள்ளும் வழக்கம் அவருக்குப் புகழ்பெற்ற பின்னும் போகவில்லை. முரட்டு வீரர்கள் நிறைந்த உடைமாற்றும் அறையில் அமர்ந்து, ஓர் ஆடவர் ஊசியும் நூலுமாய்ப் பின்னிக்கொண்டிருக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள்! பிறர் நகைப்பைப் பொருட்படுத்தாமல் இருக்கும் பயிற்சி அவருக்கு அங்கேயே தொடங்கிவிட்டது போலும்.

சிறுவயதிலேயே ஆஸ்துமா அவரைப் பற்றிக்கொண்டது. நெடுநேரம் ஓடியாட மூச்சு இடங்கொடாது. ஆகவேதான் ஓரிடத்தில் நிற்கும் கோல் காப்பாளர் ஆனார். ஊர் ஆலையணிக்காக விளையாடியபோது, தந்தையின் யோசனைப்படி கூலி கேட்டார். ஓர் ஆட்டத்திற்கு 50 சென்ட் தருவதாகவும், பிறருக்குச் சொல்லக் கூடாதென்றும் பயிற்சியாளர் சம்மதித்தாராம். குறைபாடு காட்டிய வழியே வாழ்க்கைத் தொழிலாயிற்று. 1952இல் புகழ்வாய்ந்த மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியில் சில ஆட்டங்களுக்கு இடம் கிடைத்தது. 1954-55 பருவத்தில் அவ்வணியின் நிலையான காப்பாளரானார்.

ஓரிடத்தில் நிற்க வந்தவர் நிற்கவில்லை என்பதுதான் வியப்பு! கோல் வாயிலை விட்டு வெளியே சென்று, வட்டைத் தாமே தடுத்துத் தம் தோழருக்குத் தள்ளிவிடும் முறையை அவர் வழக்கமாக்கினார். காப்பாளர் வாயிலைவிட்டு நகரலாகாது என்று நம்பியோர் திகைத்தனர். இன்று உலகெங்கும் கோல் காப்பாளர் யாவரும் அவ்வாறே செய்கின்றனர்.

நிற்க. 1950களின் நடுவில், பயிற்சியின்போதே, சொந்த அணித் தோழர் அடித்த வட்டுகளால் அவருடைய கன்ன எலும்புகள் முறிந்தன. அதன்பின் பயிற்சியில் முகமூடி அணியத் தொடங்கினார். கண்ணாடி இழைப் பொருள் செய்யும் நிறுவனத்தில் பணியாற்றிய பில் பர்ச்மோர் என்பவர், பிளான்ட்டின் முகத்தை அச்செடுத்து, அதற்கு இயைந்த மெல்லிய, உறுதியான முகமூடி ஒன்றைச் செய்து கொடுத்தார். பயிற்சிக்கு அதனை இசைந்த பயிற்சியாளர் டோ பிளேக், ஆட்டத்திற்கு இசையவில்லை. பிளேக் தீயவர் அல்லர். தம் கலையில் தலைசிறந்தவர். முகமூடி பார்வையை மறைக்கும் என்றும், அச்சம் அகன்றால் விழிப்பும் அகன்றுவிடும் என்றும் அவர் மெய்யாகவே நம்பினார். நன்மனம் படைத்தவர்களும் பழக்கத்தின் காரணமாகப் பிறரை இடரில் நிறுத்திவிட முடியும் என்பதற்கு அவர் ஒரு சான்று.

1959 நவம்பர் முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. அனைத்துப் புனிதர் பெருவிழா. நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ரேஞ்சர்ஸ் அணியுடன் ஆட்டம். தொடங்கிச் சில நிமிடங்களே ஆயின. ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு பிளான்ட்டின் முகத்தைத் தாக்கியது. குருதி பனித்தளத்தில் சிந்தியது. உள்ளே அழைத்துச் சென்று தையலிட்டனர். பதினாயிரக்கணக்கில் மக்கள் காத்திருந்தனர். காப்பாளர் திரும்பி வந்தாக வேண்டும், வழக்கம் அதுதான்.

பிளான்ட் ஒன்றே சொன்னார்: முகமூடி இன்றேல் வரமாட்டேன். பிளேக் சினந்தார். ஆனால் என் செய்வார்? மாற்று ஆள் இல்லையே! எந்த ஏற்பாடு இத்தனை ஆண்டுகள் கோல் காப்பாளர்களை வாட்டியதோ, அதே ஏற்பாடு அன்று பிளான்ட்டுக்குத் துணையாயிற்று. காயம் ஆறும்வரை மட்டும் என்ற நிபந்தனையுடன் பிளேக் இசைந்தார். தோல் நிறத்தில், கண்ணுக்கும் வாய்க்கும் துளையிட்ட, அழகென்று சொல்ல முடியாத அந்த முகமூடியுடன் பிளான்ட் தளத்தில் இறங்கினார். எதிரணிக்கு ஒரே கோல்தான் கிடைத்தது. கனேடியன்ஸ் 3-1 என வென்றது.

காயம் ஆறியது, முகமூடி அகலவில்லை. தோல்வியே காணாமல் ஆட்டங்கள் 18 வரை தொடர்ந்தன. வெற்றி தொடர்ந்ததால் பிளேக்கின் குரலும் தணிந்தது. ஆயினும் அவர் மனம் முற்றிலும் மாறவில்லை. 1960 மார்ச் 8ஆம் நாள் டெட்ராய்ட் அணியுடன் ஆடியபோது, ஒருமுறை முகமூடியின்றி ஆடிக் காட்டும்படி கேட்டுக்கொண்டார். பிளான்ட்டும் இணங்கினார். அன்று அணி 3-0 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்திலேயே முகமூடி திரும்பிவிட்டது, பிறகு அகலவேயில்லை. அவ்வாண்டு இறுதிச் சுற்றுகளில் எட்டு ஆட்டங்களையும் வென்று, கனேடியன்ஸ் அணி தொடர்ந்து ஐந்தாவது முறையாக ஸ்டான்லி கோப்பையைக் கைப்பற்றியது.

முகமூடி அணிவது அச்சத்தின் அடையாளம் ஆகாதா என்று அவரைக் கேட்டார்களாம். பாராசூட் இல்லாமல் விமானத்திலிருந்து குதிப்பவனை வீரன் என்பீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டதாகச் சொல்வர். இத்தொழிலின் தனிமையையும் அவர் நன்கு உணர்ந்திருந்தார். தாம் ஒரு பிழை செய்தால் முதுகுக்குப் பின்னே சிவப்பு விளக்கு எரிகிறது. ஆயிரமாயிரம் பேர் கூச்சலிடுகிறார்கள். இப்படியொரு வேலை உங்களுக்கு வேண்டுமா என்று அவர் வினவியதுண்டு.

அணித் தோழர்கள் அவரை எளிதில் நெருங்க முடியவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தனித்திருக்கும் இயல்பினர்; பிடிவாதக்காரர். 1962இல் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குரிய ஹார்ட் பரிசைப் பெற்ற அவரை, மறு ஆண்டே மான்ட்ரியல் அணி நியூயார்க்குக்கு மாற்றி அனுப்பிவிட்டது. 1965இல் ஓய்வு பெற்றார். 1968இல் மீண்டும் வந்தார். செயின்ட் லூயிஸ் அணியில் அவருடன் கோல் காத்தவர் யார் தெரியுமா? முன்னர் நாம் குறிப்பிட்ட கிளென் ஹால்தான்! நாற்பது வயது பிளான்ட்டும் முப்பத்தேழு வயது ஹாலும், சிறந்த கோல் காப்பாளருக்குரிய வெசினா பரிசை 1969இல் பகிர்ந்துகொண்டனர். பிளான்ட்டுக்கு அது ஏழாவது முறை.

1970 மே 3ஆம் நாள், பாஸ்டன் அணியுடன் இறுதிச் சுற்று. அடித்த வட்டு இடையில் ஒரு மட்டையில் பட்டுத் திசைமாறி, பிளான்ட்டின் நெற்றிப் பகுதியைத் தாக்கியது. மயங்கி வீழ்ந்தவரை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றனர். முகமூடி இல்லாதிருந்தால் தாம் பிழைத்திருக்க முடியாது என்று பின்னர் அவரே கூறினார். பதினோராண்டுகளுக்கு முன் அவர் பிடித்த பிடிவாதத்தின் விலை அன்றுதான் தெரிந்தது. அடுத்த பருவத்தில், 42 வயதில், டொராண்டோ அணிக்காக ஆடி, ஆட்டமொன்றுக்குச் சராசரி 1.88 கோல் மட்டுமே விட்டுக் கொடுத்து, லீக்கிலேயே முதலிடம் பெற்றார்.

நம் நெஞ்சைத் தொட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1972 செப்டம்பர் 2ஆம் நாள், மான்ட்ரியலில் கனடாவும் சோவியத் யூனியனும் மோதிய ஆட்டத்தொடரின் முதல் நாள். சோவியத் கோல் காப்பாளர் விளாதிஸ்லாவ் திரெத்தியாக் இருபதே வயதினர். கனடா வீரர்கள் அவரைப் பந்தாடிவிடுவார்கள் என்றே பலரும் எண்ணினர். ஆட்டத்திற்கு முன் பிளான்ட், மொழிபெயர்ப்பாளர் ஒருவருடன் அந்த இளைஞரைத் தேடிச் சென்று, கனடா வீரர் ஒவ்வொருவரும் எவ்விதம் கோலடிப்பார் என்று விளக்கினார். அன்று சோவியத் அணி 7-3 என வென்றது. தம் நாட்டுக்குத் தீங்கிழைக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததாக நாம் கருதவில்லை. அந்த வாயிலில் தனித்து நிற்பவனின் நிலை என்ன என்று அறிந்தவர் அவர். அனுபவித்தவரின் இரக்கம் அது.

1974க்குப் பின் அந்த லீக்கில் முகமூடியின்றிக் கோல் காக்க வந்தவர் எவருமிலர். இன்று முகமூடி அணியாமல் ஒருவர் நின்றால், அவரை வீரர் என்னார், அறிவற்றவர் என்பர். மனிதரின் முகம் மாறவில்லை. வட்டின் கடினமும் மாறவில்லை. பார்த்துக்கொண்டிருந்தோரின் எண்ணமே மாறியது. பிளான்ட் 1978இல் ஹாக்கிப் பெருமன்றத்தில் சேர்க்கப்பட்டார். 1986 பிப்ரவரி 27ஆம் நாள் ஜெனீவாவில், 57ஆம் வயதில், புற்றுநோயால் காலமானார். 1995இல் மான்ட்ரியல் அணி, அவர் அணிந்த முதலாம் எண் சட்டையை இனி எவருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்து அவரைச் சிறப்பித்தது.

வாசகர்களே, வட்டின் முன் நிற்பதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு அக்காலக் காப்பாளர் அனைவரிடமும் இருந்தது. பயிற்சியாளரின் சினத்தையும் பார்ப்போரின் ஏளனத்தையும் தாங்கி, "என் முகத்தை நான் காத்துக்கொள்வேன்" என்று சொல்லும் துணிவோ ஒருவரிடம்தான் அன்று காணப்பட்டது. முன்னையதற்குக் கைதட்டல் கிடைத்தது. பின்னையதற்கு நகைப்பே கிடைத்தது. ஆயினும் பிந்தியதே பல நூறு இளைஞரின் கண்களையும் பற்களையும் உயிரையும் காத்தது. வள்ளுவப் பெருந்தகை அறிவுடைமை பற்றிப் பேசும் அதிகாரத்திலேயே அச்சத்திற்கும் ஓர் இடம் கொடுத்தார் என்பதை ஈண்டு நினைவுகூர்வோம்.

நம் வீடுகளில் இருப்போருள்ளும் ஆபத்தான வேலைக்குச் செல்வோர் உண்டு. பாதுகாப்பைக் கேட்க நாணி, "இதற்கெல்லாம் பயந்தால் முடியுமா?" என்று சிரித்து மழுப்புவோர் உண்டு. அந்தச் சிரிப்பை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நாமாக இருக்கலாம். அடுத்த முறை பிள்ளை அடிபட்டு வரும்போது, "அழலாமா?" என்று கேட்பதை விடுத்து, "எங்கே வலிக்கிறது?" என்று கேட்போம். மற்றவை அடுத்த திங்கள்.