சில்லு பூண்ட வீட்டில் நிறம் மாறிய நீர்

கனடாவிலே குடியேறி வாழும் எம்மவருள் சிலர், கோடை விடுமுறை பிறந்ததும் ‘மோட்டோர் ஹோம்’ எனப்படும் வீட்டுவண்டியில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைகளை நாடிச் செல்கின்றனர். அடுக்களையும் படுக்கையும் குளியலறையும் கொண்ட ஒரு சிறு வீடு, சில்லுகளின் மேலேறி நெடுஞ்சாலையில் ஓடுவதுதான் வீட்டுவண்டி. ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் தம் மகளின் குடும்பத்தார் அத்தகைய பழைய வண்டியொன்றை வாங்கியிருப்பதாகவும், குழாயைத் திறந்தால் வெறுந்தேநீர் போன்ற தண்ணீர் வருவதாகவும் வாசக அன்பர் ஒருவர் எமக்கு எழுதியுள்ளார். தண்ணீர்த் தாங்கியை முழுவதும் மாற்றவேண்டுமென அயலவர் ஒருவர் கூறுகின்றாராம். அது மெய்தானா? வண்டியிலே கைக்குழந்தையும் உண்டு. அந்நீரில் அதற்குப் பால்மா கரைக்கலாமா? இவையே அன்பரின் வினாக்கள்.

இரண்டாவது வினாவுக்கே முதலில் விடை கூறுவோம். காரணம் தெளிவாகும்வரை கரைக்கலாகாது. கொதிக்கவைத்தாலும் கரைக்கலாகாது. கொதிக்கவைத்தல் கிருமிகளைக் கொல்லுமேயன்றி, நீரிற் கரைந்த உலோகங்களைப் போக்கமாட்டாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் உலோகத்தின் செறிவு சற்றே கூடவும் செய்யும். ஆதலால், குழந்தைக்கு வேண்டிய நீரைப் போத்தலில் வாங்கியோ, வீட்டிலுள்ள நல்ல குழாய்நீரைக் கலத்தில் நிரப்பியோ உடன் கொண்டுசெல்லட்டும்.

தாங்கியைப் பொறுத்தவரை அவசரம் வேண்டாம். இவ்வண்டிகளின் நன்னீர்த் தாங்கி பெரும்பாலும் பிளாஸ்டிக்கினால் ஆனது. பிளாஸ்டிக் கறள் பிடிப்பதில்லை. தேநீர் நிறம் கறளினால் வந்ததாயின், அக்கறள் வேறோரிடத்திலிருந்துதான் வந்திருக்கவேண்டும். பெருஞ்செலவு செய்து புதிய தாங்கியைப் பூட்டிய பின்னரும் அதே நீர் வந்தால் யாரை நோவது? எங்கிருந்து வருகின்றதென அறிந்த பின்னரே எதை மாற்றுவதென்று நினைக்கவேண்டும். அதனை அறிவதற்குச் செலவேதுமில்லை. நான்கு கண்ணாடிக் குவளைகள் போதும்.

வண்டிக்குள் நீர் புகும் வழிகள் இரண்டு. தாங்கியில் நிரப்பிய நீரை, பற்றரியில் இயங்கும் 12 வோல்ற்றுச் சிறு பம்பி இழுத்துத் தள்ளுவது ஒரு வழி. தங்குமிடத்திலுள்ள குழாயோடு நீண்ட நெகிழ்குழாயைப் பொருத்தி நீரை நேரே உள்ளே விடுவது மறுவழி; இவ்வாறு வரும் நீர் தாங்கியைத் தொடுவதேயில்லை. எவ்வழியால் வந்தாலும் உள்ளே அது இரு கிளைகளாகப் பிரியும். ஒரு கிளை குளிர்நீர்க் குழாய்க்கு நேரே போகும். மற்றது வெந்நீர்க் கலத்தினுட் புகுந்து வெளிவரும்.

இனிக் குவளைகளுக்கு வருவோம். நெகிழ்குழாயைப் பொருத்துமுன், தங்குமிடத்துக் குழாயிலிருந்தே முதற் குவளையை நிரப்புக. பின்னர் வண்டியைப் பொருத்தி, உள்ளேயுள்ள குளிர்நீர்க் குழாயில் இரண்டாவதை நிரப்புக. பொருத்தியதைக் கழற்றிப் பம்பியை இயக்கி, தாங்கி நீரை மூன்றாவதிற் பிடிக்க. நான்காவது வெந்நீருக்கு. ஒவ்வொன்றிலும் இலக்கமிட்டு வெள்ளைத் துணியின்மேல் வரிசையாக வைத்துப் பார்க்கவேண்டும். முதற் குவளையே நிறமாயிருப்பின் குற்றம் வண்டியில் இல்லை. முதலாவது தெளிந்து இரண்டாவது கலங்கியிருந்தால், இடையிலுள்ள நெகிழ்குழாயையோ வடிகட்டியையோ உட்குழாயையோ பார்க்கவேண்டும். மூன்றாவது மட்டும் கலங்கினால் அயலவரின் ஐயத்துக்கு இடமுண்டு; தாங்கியிலோ அதில் முன்னர் நிரப்பிய நீரிலோ குறையிருக்கலாம். அப்பொழுதுங்கூட முதலில் தாங்கியைக் கழுவிப் பார்ப்பதே முறை. நான்காவது மட்டும் நிறமானால் வெந்நீர்க் கலமே காரணம். பழைய வண்டிகளில் இந்த நான்காவது குவளைதான் அடிக்கடி காட்டிக்கொடுப்பது.

வெந்நீர்க் கலம் பொதுவாக 6 அல்லது 10 அமெரிக்கக் கலன், அதாவது ஏறக்குறைய 23 அல்லது 38 லீற்றர் கொள்ளும். அவற்றுட் சில அலுமினியத்தாலானவை. அற்வூட் என்னும் பெயர் பொறித்தவை அவ்வகையின. சபர்பன் என்னும் பெயருள்ளவையோ உருக்கினாற் செய்து உட்புறத்தில் கண்ணாடி போன்ற பூச்சிட்டவை. இவ்வுருக்குக் கலத்தினுள் மக்னீசியக் கோலொன்று செருகப்பட்டிருக்கும். நீரிலே ஒன்றோடொன்று தொடர்புற்றிருக்கும் இரு உலோகங்களுள், தாக்கம் மிக்கது முதலில் அரிபட்டு மற்றதைக் காப்பாற்றும் என்பது விஞ்ஞான மாணவர் அறிந்ததே. மக்னீசியம் கரையுமளவும் உருக்குக்குக் கேடில்லை. கோல் முற்றாகக் கரைந்தபின், பூச்சு வெடித்த இடமெல்லாம் கறள் பற்றும். அக்கறள் வெந்நீரோடு குழாய்க்கு வரும்.

இக்கோலின் வரலாறு சுவையானது. மரக்கப்பல்களின் அடியில் அறைந்த செப்புத் தகடுகளைக் கடல்நீர் அரித்துவந்த காலத்தில், பிரித்தானியக் கடற்படையினர் ஹம்பிரி டேவி என்னும் இரசாயன அறிஞரை நாடினர். செம்போடு நாகத்தையோ இரும்பையோ சிறு துண்டுகளாகப் பொருத்தினால் செம்பு அரிபடாதென அவர் 1824ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அவர் சொன்னவாறே செம்பு தப்பியது. ஆனால், கரைந்துகொண்டிருந்த செம்புதான் அதுவரை கடற்பாசியையும் சிப்பியையும் அண்டவிடாது தடுத்துவந்தது! செம்பு கரையாது நின்றதும் அவை கப்பலின் அடியில் அப்பிக்கொள்ள, கப்பலின் வேகம் குன்றியது. கடற்படையார் அம்முறையைக் கைவிட்டனர். வெந்நீர்க் கலத்தில் சிப்பி வளரப்போவதில்லை. எனினும் மக்னீசியக் கோலுக்கும் ஒரு குணமுண்டு: நீரில் கந்தகச் சேர்வைகளும் ஒருவகைப் பற்றீரியாக்களும் இருக்குமாயின், ஐதரசன் சல்பைட்டு உண்டாகி அழுகிய முட்டை நாற்றம் வீசும். அங்ஙனமாயின் கலத்தைக் குளோரீன் நீரால் தூய்மை செய்யவேண்டும். மக்னீசியத்துக்குப் பதிலாக அலுமினியமும் நாகமும் கலந்த கோலை இடுவதுமுண்டு.

கோலை ஆண்டுக்கொருமுறை கழற்றிப் பார்த்து, முக்காற் பங்கு கரைந்திருந்தால் மாற்றுவது நன்று. ஆனால் கழற்றுமுன் எரிவாயுவையும் மின்சாரத்தையும் நிறுத்தி, நீர் நன்றாக ஆறும்வரை பொறுத்து, நீர் வரவை அடைத்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து அமுக்கத்தை வெளியேற்றவேண்டும். இதைச் செய்யாது கோலைத் திருகுபவர்மீது கொதிநீர் பீறிட்டுப் பாயும். கலத்தைக் கழுவும்பொழுது வெண்மணல் போன்ற வண்டல் வருவது கண்டு அஞ்சவேண்டாம். யாழ்ப்பாணத்துக் கேத்தல்களின் அடியிலே படியும் சுண்ணம் யாரறியாதது? அதுவே இதுவும்.

குளிர்நீரும் நிறமாயிருந்தால், முதற் குவளையை மறுபடியும் நோக்குவோம். கிணற்றுநீர் வழங்கப்படும் தங்குமிடங்களில், பிடித்தவுடன் பளிங்குபோலிருக்கும் நீர் சிறிது நேரத்தில் மஞ்சளாகிப் பின்னர் பழுப்பாகும். நிலத்தடியிற் கரைந்திருந்த இரும்பு காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடிக் கறளாவதே காரணம். ஒரு லீற்றரில் 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பிருந்தால் வெளுத்த துணியிற் கறை படியும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இங்கே ஏமாற்றமொன்று காத்திருக்கின்றது. தாங்கியைத் தூய்மை செய்யும் நோக்குடன் இத்தகைய நீரில் குளோரீன் கரைசலை ஊற்றினால், அதுவரை தெளிந்திருந்த நீர் விரைவிலே பழுப்பாகிவிடும். “இத்தனை அழுக்கா தாங்கியில் இருந்தது!” என்று மலைப்பவர் பலர். அது தாங்கியின் அழுக்கன்று. நீரிலிருந்த இரும்பைக் குளோரீன் வெளிப்படுத்தியதே.

இரவு முழுவதும் வைத்தும் அடியில் மண்டி படியாது, ஒரே சீராகத் தேநீர் நிறம் நின்றால், அது இரும்பாக இராது. சதுப்பு நிலத்து இலைதழைகளின் சாயமாக இருக்கலாம். கனடாவின் காட்டு ஏரிகள் சிலவற்றின் நீருக்கு இந்நிறம் இயல்பானது.

கறுப்பு நிறமே எம்மை அதிகம் எச்சரிக்கவேண்டியது. கருந்துகள்கள் சில வேளை உக்கிய இறப்பர் வளையத்திலிருந்தோ, புதிதாகப் பூட்டிய கரி வடிகட்டியிலிருந்தோ வரும். அவை கழுவிவிடத் தீரும். நீரே கருமையோடினால் மங்கனீசாக இருக்கலாம். நெடுங்காலம் இது துணியிலும் பாத்திரத்திலும் கறைபடுத்தும் தொல்லையாக மட்டுமே கருதப்பட்டது. கனடியச் சுகாதாரத் திணைக்களம் 2019இல் லீற்றருக்கு 0.12 மில்லிகிராமென எல்லை வகுத்தது. அவ்வெல்லை புட்டிப்பால் அருந்தும் சிசுக்களின் நலத்தை முன்வைத்தே வகுக்கப்பட்டது. பால்மா கரைக்கவேண்டாமென நாம் கண்டிப்பாகக் கூறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வசந்தகாலத்தில் முதன்முதல் குழாயைத் திறக்கும்போது இளஞ்சிவப்பு நீர் நுரையோடு வந்தால் திகைக்கவேண்டாம். நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பருப்பதால், மாரியிலே குழாய்கள் வெடித்துவிடும். அதனைத் தடுக்கப் புரொப்பிலீன் கிளைக்கோல் கலந்த இளஞ்சிவப்புத் திரவத்தைக் குழாய்களில் நிரப்பி வைப்பர். நல்ல நீர்விட்டுக் கழுவினால் அது போய்விடும். ஆனால் மோட்டார் எந்திரங்களுக்கு ஊற்றும் எதிலீன் கிளைக்கோல் கொடிய நஞ்சு. பழைய சொந்தக்காரர் எதனை ஊற்றினாரென்று கேட்டறிதல் அவசியம். நிறத்தை மட்டும் நம்பக்கூடாது.

பாலைப்போல் வெளுத்த நீர், அடியிலிருந்து மேல்நோக்கித் தெளியுமாயின் அது வெறுங்காற்று. பசுமை ஓடினால், வெயில் படும் தாங்கியிலோ நெகிழ்குழாயிலோ பாசி பிடித்திருக்கின்றது.

தாங்கியைத் தூய்மை செய்ய, வாசனை சேர்க்காத, நூற்றுக்கு 5 அல்லது 6 பங்கு வலுவுள்ள சாதாரண வெளிற்றும் திரவம் போதும். தாங்கி கொள்ளும் ஒவ்வொரு லீற்றருக்கும் ஒரு மில்லிலீற்றர் என அளந்து, முதலில் ஒரு வாளி நீரிற் கலந்து ஊற்றித் தாங்கியை நிரப்பவேண்டும். எல்லாக் குழாய்களிலும் குளோரீன் மணம் வரும்வரை ஓடவிட்டு, நான்கு மணி நேரம் அடைத்து வைத்து, பின்னர் மணம் நீங்கும்வரை நன்னீரால் அலசவேண்டும். தோட்டத்துக்கு நீரிறைக்கும் நெகிழ்குழாயைக் குடிநீருக்குப் பயன்படுத்தலாகாது. அதற்கெனச் செய்த குழாய்கள் கிடைக்கின்றன.

நிறம் தெளிந்துவிட்டாற் போதாதா என்று சிலர் கேட்பர். அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்து பிளின்ற் நகரத்தில் 2014 ஏப்பிரலில், செலவைக் குறைப்பதற்காக நீர் பெறும் இடத்தை ஆற்றுக்கு மாற்றினார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்தை நீரிற் சேர்க்கவில்லை. பழுப்பு நீரைப் போத்தல்களில் ஏந்தி மக்கள் முறையிட்டனர், அதிகாரிகளோ தீங்கில்லையென்றனர். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை 2015 செப்ரெம்பரில் வைத்தியர்கள் வெளிப்படுத்திய பின்னரே, ஒக்ரோபரில் பழைய நீருக்கு மீண்டனர். மக்கள் கண்ணாற் கண்டது இரும்புக் கறளை. அதே அரிப்பினால் உடன் கரைந்துவந்த ஈயத்துக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கிருமிகளும் அத்தகையனவே.

ஆகவே குழந்தை அருந்தும் நீரை, கலங்கல் தீர்ந்த பின்னரும் உரிமம் பெற்ற ஆய்வுகூடமொன்றிற்கு ஒருமுறை அனுப்பவேண்டும். இரும்பு, மங்கனீசு, ஈயம் ஆகிய மூன்றையும் கேட்டுச் சோதிப்பிக்க. ஈயத்துக்குரிய நீரை, இரவு முழுவதும் குழாயைத் திறவாதிருந்து, காலையில் வரும் முதல் நீராகவே பிடிக்கவேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வுகூடத்தார் தரும் தனிப் போத்தலையே பயன்படுத்தி, அதன் வாயைக் கைபடாது மூடி, குளிரில் வைத்துத் தாமதமின்றிச் சேர்ப்பிக்கவேண்டும். தங்குமிடத்து நீரா, தாங்கி நீரா, வெந்நீர்க் கலத்து நீரா என்பதைப் போத்தலின்மேல் எழுத மறவாதிருக்கச் சொல்லுக.