நடுவர் தீர்ப்பா? தேவ வாக்கா?

பேச்சுப் போட்டி, பட்டிமன்றம் என்று நடக்காத ஊர் இன்று நம் நாட்டில் இல்லை. பள்ளிக்கூட விழாவானாலும், தலைவர்கள் பிறந்த நாளானாலும், பொங்கலானாலும் மேடை போட்டுப் பேச வைத்து, முடிவில் ஒருவர் எழுந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகின்றார். போட்டி நோட்டீசின் கடைசி வரியில் "நடுவர் தீர்ப்பே இறுதியானது" என்றும் அச்சிட்டு விடுகின்றார்கள். இந்த ஒரு வரியைப் பற்றித்தான் நாம் எழுத வந்தோம். ஏனெனில், காரணம் கேட்காதே, சொன்னதை ஒப்புக்கொண்டு கைதட்டிவிட்டுப் போ என்கின்ற நிபந்தனை சாஸ்திரத்தில் இருந்தாலும் சரி, போட்டி நோட்டீசில் இருந்தாலும் சரி, இரண்டும் ஒரே சரக்குத்தான்.

இது நேற்று வந்த வழக்கமல்ல. மதுரையில் சமணருக்கும் சம்பந்தருக்கும் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் வாதத்தைப் பாருங்கள். சம்பந்தரை அழைத்தவர்கள் அரசியும் மந்திரியும். தீர்ப்புச் சொல்ல வேண்டிய பாண்டியனோ, தன் சுரத்தைத் தீர்த்தவர் என்று முன்னமே அவர் பக்கம் சாய்ந்துவிட்டவன். சோதனையோ, ஏட்டை நெருப்பில் போடுவதும் ஆற்றில் விடுவதும்! எந்தக் கொள்கை அறிவுக்கு ஒத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. தோற்றவர்கள் எண்ணாயிரம் பேர் கழுவேறினார்களாம். இது சரித்திரமா கதையா என்பது வேறு விஷயம். இப்படிப்பட்ட தீர்ப்பையும் வெட்கமில்லாமல் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு புராணம் இருக்கின்றதே, அதுவே போதும். நக்கீரர் கதையும் இதற்குத் தம்பிதான். பாட்டில் குற்றம் சொன்னவரை, பாட்டுக்கு உடையவரே நெற்றிக்கண்ணைக் காட்டி மிரட்டினாராம். அங்கே நியாயத்துக்கு இடமேது?

இனி இன்றைய நிலைக்கு வருவோம். தமிழ் வளர்ச்சித் துறையார் மாவட்டந்தோறும் மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டிகள் நடத்தி 5,000, 3,000, 2,000 ரூபாய் என்று பரிசு கொடுத்து வருவது நல்ல காரியமே. சங்கங்களும் மன்றங்களும் நடத்துவதும் நல்லதே. ஆனால், கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கூலிக்காரர் மகள் விடியற்காலையில் பஸ் ஏறித் திருவண்ணாமலைக்குப் போய்ப் பேசுகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு அந்தப் பணம் பெரிது. அதைவிடப் பெரிது, தான் பேசினால் நாலு பேர் கேட்பார்கள் என்கின்ற தைரியம். "உனக்குப் பரிசு இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், எதில் குறைந்தோம் என்று அவள் எப்படித் தெரிந்துகொள்வாள்? சொன்ன பொருளிலா, உடுத்திய துணியிலா? "உச்சரிப்பு" என்று மார்க் போடுகின்றார்களே, யாருடைய உச்சரிப்பு? அவள் ஊர்ப் பேச்சு நாக்கில் வந்தால் அது குற்றமா? கடவுள் இல்லை என்ற கட்சியைப் பேசச் சொல்லிவிட்டு, அதைக் கேட்டு முகம் சுளிப்பவரையே நடுவராக வைத்தால் அது போட்டியா, பொறியா?

"மனிதன் அபிப்பிராயம் இல்லாமல் தீர்ப்புச் சொல்ல முடியுமா?" என்று சிலர் கேட்பார்கள். முடியாது என்றே நாமும் சொல்லுகின்றோம். பெல்ஜியம் நாட்டில் எலிசபெத் ராணி பெயரால் நடக்கும் பியானோ போட்டியில் யார் எந்த நாளில் வாசிப்பது என்பது சீட்டுக் குலுக்கித்தான் முடிவாகின்றது. அப்படியிருந்தும், முதல் நாள் வாசித்தவர்களைவிடப் பின்னால் வாசித்தவர்களே நல்ல இடம் பெற்று வந்திருக்கின்றார்கள் என்று 1996இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. சங்கீதத்தில் கரைகண்ட நிபுணர்கள் கதியே இதுவானால், மத்தியானப் பசியோடு நாற்பது பிள்ளைகளின் பேச்சைக் கேட்கும் நம் நடுவர் எம்மாத்திரம்? மனிதன் தவறக் கூடியவன் என்பதனால்தான் காரணம் கேட்கின்றோம். தவறாதவர் என்று ஒருவர் இருந்தால் அவரைக் கேட்க வேண்டியதில்லையே!

காரணம் சொன்னால் போட்டி நடக்காது என்பதும் பொய். 1981இல் கிளாஸ்கோ நகரில் தொடங்கி, 2014இல் நமது சென்னையிலும் நடந்த உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியில், தன் கல்லூரிப் பிள்ளைகள் பேசும் அறையில் அக்கல்லூரியார் நடுவராக உட்காருவதில்லை. நடுவர்கள் கலந்து பேசி முடிவு செய்து, முதற் சுற்றுக்களில் காரணத்தையும் நேருக்கு நேர் சொல்லுகின்றார்கள். பேசினவர்களும் நடுவரைப் பற்றி எழுதிக் கொடுக்கலாம். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்டவர்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு. 1943இல் கம்பராமாயணம் பற்றி அண்ணாதுரை அவர்கள் ரா.பி. சேதுப்பிள்ளையுடனும் சோமசுந்தர பாரதியாருடனும் வாதிட்ட பேச்சுகள் "தீ பரவட்டும்" என்று புத்தகமாகவே வந்திருக்கின்றன. வென்றது யார் என்று ஒருவர் வந்து நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரு கட்சியையும் படித்து நாமே எடை போட்டுக் கொள்ளலாம்.

ஆகவே போட்டி நடத்தும் தோழர்களை நாம் கேட்பது இவ்வளவுதான். நடுவர் மூவராக இருக்கட்டும். ஒருவரையொருவர் கலக்காமல் முதலில் தனித்தனியே மார்க் போடட்டும். போட்டியில் பிள்ளையோ பள்ளியோ உடையவர் விலகிக்கொள்ளட்டும். பேசுகின்றவருக்குப் பெயரும் ஊரும் வேண்டாம், எண் போதும். வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுக்கட்டும். மார்க்குப் பட்டியலைச் சுவரில் ஒட்டட்டும். தோற்ற பிள்ளைக்கும் காரணத்தை இரண்டு வரியில் எழுதிக் கொடுக்கட்டும். இதற்கெல்லாம் ஒரு காகிதத்துக்கு மேல் செலவில்லை.

பெரியவர்களுக்கு இது அவமரியாதை என்பார்கள். காரணம் சொல்லுவது எந்தப் பெரியவருக்கும் அவமரியாதை ஆகாது. சொல்லக் காரணம் இல்லாதவருக்குத்தான் அது சங்கடம். தீர்ப்பு வேண்டுமானால் இறுதியானதாகவே இருக்கட்டும். காரணம் மட்டும் ரகசியமாக இருக்க வேண்டாம். "ஏன்?" என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவதற்குத்தானே மேடை? அந்த மேடையிலேயே "ஏன் என்று கேட்காதே" என்று போதிப்பதைவிடப் போட்டியே நடத்தாமல் இருப்பது யோக்கியமான காரியமாகும்.